அடைப்புக்குறி எவ்வளவு வளரலாம்?

கணிதக் கட்டுரையின் அச்சுத் திருத்தப் (ப்ரூஃப்) பக்கத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடும், மை அடர்ந்த இடங்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பல கட்டுரைகளில் அப்படித் துருத்துவது ∑ என்ற கூட்டுத்தொகைக் குறியைச் சுற்றி எழும்பியிருக்கும் அடைப்புக்குறிகள்தான். உள்ளே இருக்கும் ∑-வைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். எழுதியவர் அந்த உயரத்தைக் கேட்கவே இல்லை. கணிதம் அச்சுக்கோக்கும் மென்பொருளான லேட்டெக்கில் லெஃப்ட், ரைட் என்று இரண்டு கட்டளைகளைப் போட்டார், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொண்டது. தானாக நீளும் அடைப்பு இருக்கும்போது கையால் அளவு சொல்வானேன் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கோப்பு முழுக்க ஒரு அடைப்பு விடாமல் அந்த இரண்டு சொற்களை ஒட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. கேட்காமலே ஒட்டிவிடும் எடிட்டர்களும் உண்டு. இது கெட்ட பழக்கம் என்பது என் கட்சி. ரசனை சார்ந்த விஷயம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அந்த உயரம் ஒரு கணக்கிலிருந்து வருகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே பிசகுகிறது என்று பாயிண்ட் (அச்சில் நீளம் அளக்கும் சிறிய அலகு) சுத்தமாகத் தெரிந்துவிடும்.

நடுக்கோட்டிலிருந்து அளக்கிறது

கழித்தல் குறியும் பின்னத்தின் கோடும் உட்காரும் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கோடு ஓடுகிறது. லேட்டெக்கின் அடியில் இயங்கும் நிரலான டெக்கின் சொந்த எழுத்துருவான கம்ப்யூட்டர் மாடர்னில், 10 பாயிண்ட் அளவுக்கு, எழுத்துகள் உட்காரும் அடிவரியிலிருந்து 2.5 பாயிண்ட் மேலே அது இருக்கிறது. நீளும் அடைப்பு எதுவானாலும் இந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் சமமாகவே வளரும். லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் நடுவில் உள்ள கோவையை டெக் முதலில் முழுதாக அடுக்கிக்கொள்கிறது. பிறகு நடுக்கோட்டிலிருந்து உச்சி வரை எவ்வளவு, அடி வரை எவ்வளவு என்று இரண்டு தூரங்களை எடுத்து, பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விட்டுவிடுகிறது. பெரியதை இரட்டித்தால் வருவதுதான் "மூட வேண்டிய உயரம்". அடிப்பக்கம் மட்டும் 10 பாயிண்ட் கூடுதலாகத் தொங்கினாலும் மேற்பக்கமும் அதே அளவு வெறும் காற்றை அடைப்பு சுற்றிக்கொள்ளும். பல விபத்துகளுக்குக் காரணம் இந்த ஒரு விதி.

மூட வேண்டிய உயரத்தை டெக் அப்படியே மூடுவதும் இல்லை. டிலிமிட்டர்ஃபேக்டர் என்று ஓர் அளவை உண்டு, அதன் மதிப்பு 901. ஆயிரத்தில் 901 பங்கு மூடினால் போதும் என்று பொருள். டிலிமிட்டர்ஷார்ட்ஃபால் என்று இன்னொன்று, அதன் மதிப்பு 5 பாயிண்ட். அதற்கு மேல் குறைவு விழக்கூடாது என்பது அதன் வேலை. இரண்டு நிபந்தனைகளில் எது பெரிய உயரத்தைக் கேட்கிறதோ அதுவே செல்லும். மூட வேண்டியது ஏறக்குறைய 50 பாயிண்ட் ஆகும் வரை 901-தான் ஆளும், அதைத் தாண்டினால் 5 பாயிண்ட் விதி கைக்கு எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு எண்களையும் டெக்கின் ஆசிரியர் டொனால்ட் கனூத் சும்மா வைக்கவில்லை. அடைப்பு உள்ளடக்கத்தை முழுக்க விழுங்க வேண்டியதில்லை, மேலும் கீழும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும் என்ற அச்சுக்கூடத்துப் பழைய கண்தான் அங்கே எண்ணாகி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கண் விட்டுக்கொடுக்கும் அளவு கோவைக்குக் கோவை மாறும். 901 மாறாது.

அடுத்தது தேர்வு. தேவையான உயரம் கணக்கில் வந்தவுடன் எழுத்துருவில் இருக்கும் அடைப்புகளைச் சிறியதிலிருந்து வரிசையாகப் பார்த்து, அந்த உயரத்தை முதலில் எட்டுவதை எடுக்கிறது. கம்ப்யூட்டர் மாடர்னில் சாதாரண ( 10 பாயிண்ட். அதற்கு மேல் 12, 18, 24, 30. நடுவில் ஒன்றும் இல்லை. 24-ஐ வைத்து ஒப்பேற்ற வேண்டுமானால் மூட வேண்டிய உயரம் 26.6 பாயிண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு கீழொட்டு அதை 26.7 ஆக்கிவிட்டால் அடைப்பு நேராக 30-க்குத் தாவும். ஒரே சமன்பாட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறத்தாழ ஒரே கோவை இருந்தும் அடைப்புகள் ஏறுக்கு மாறாக நிற்பது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத கால் பாயிண்ட், தெரிகிற ஆறு பாயிண்டாகிவிடுகிறது.

∑ விவகாரம்

இப்போது அந்த ∑-வுக்கு வருவோம். தனி வரியில் வரும் சமன்பாடு; கீழ் எல்லையாக ஐ = 1, மேல் எல்லையாக என் (n), பக்கத்தில் ஏதோ ஓர் உறுப்பு, எல்லாவற்றையும் சுற்றி லெஃப்ட்–ரைட். தனி வரியில் ∑ குறி 14 பாயிண்ட் உயரம், நடுக்கோட்டுக்கு மேலே 7, கீழே 7. குறியின் அடிக்கும் கீழ் எல்லைக்கும் இடையே 1.67 பாயிண்ட் இடைவெளி. ஐ = 1 என்பது 7 பாயிண்ட் எழுத்தில் வருவதால் சுமார் 4.6 உயரம். அதற்கும் கீழே காப்பாக இன்னொரு 1 பாயிண்ட் காலி இடம். கூட்டினால் நடுக்கோட்டிலிருந்து அடி வரை 14.3 வருகிறது. மேற்பக்கம் அவ்வளவு இல்லை: இடைவெளி 2, 'என்' எழுத்து 3, காப்பு 1, ஆக 13. பெரியது 14.3, இரட்டித்தால் 28.6. அதில் ஆயிரத்துக்கு 901 என்றால் 25.8. வரிசையில் 24 போதாது, அடுத்தது 30. எழுந்து நிற்கிறது முப்பது பாயிண்ட் அடைப்பு, பதினான்கு பாயிண்ட் ∑-வுக்கு.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. டெக் தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறது. பிழை, எதை அளக்கச் சொன்னோம் என்பதில். ∑-வின் எல்லைகள் அந்தக் குறியின் தொங்கல்கள். அடைப்பு கட்டிப்போட வேண்டியது கோவையைத்தான், தொங்கல்களை அல்ல. சட்டைக்கு நீளம் எடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்லி விரல் நுனி வரை டேப் பிடித்த கதைதான் இது. படிக்கிறவரின் கண் ∑-வின் உடம்பையும் பக்கத்து உறுப்பையும் ஒரு பட்டையாகப் பார்க்கிறது. அந்தப் பட்டைக்கு இருபுறமும் வேலி தெரிந்தால் போதும், எல்லைகள் வேலிக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் குழப்பம் வராது.

தீர்வு கையால் அளவு சொல்வது. பிக் என்ற கட்டளைக் குடும்பத்தில் நான்கு படிகள் உண்டு: சிறிய எழுத்தில் தொடங்கும் பிக், கேப்பிடலில் தொடங்கும் பிக், கடைசி ஜி-யை இரட்டித்து மறுபடியும் சிறியது ஒன்று, கேப்பிடல் ஒன்று. தமிழில் எழுதினால் நான்கும் ஒரே மாதிரி ஒலிப்பதால் முதற்படி, இரண்டாம்படி, மூன்றாம்படி, நான்காம்படி என்றே சொல்கிறேன். அவை தருவது முறையே அதே 12, 18, 24, 30. ∑-வுக்கு மூன்றாம்படி, அதாவது 24, சரியாக உட்காரும். பல வரிகளில் நெருக்கமாக அடுக்கிய சமன்பாடு என்றால் 18-ம் பொருந்தும். குறியின் 14-ஐ அது தாராளமாக மூடிவிடுகிறது. கையால் சொல்ல மனமில்லாதவர்கள் உள்ளடக்கத்தை ஸ்மாஷ் கட்டளைக்குள் வைத்து, சதுர அடைப்பில் அடிப்பக்கம் மட்டும் என்று குறித்தால், அடியின் ஆழம் பூஜ்யமாகக் கணக்கிடப்படும். மேற்பக்கத்து 13-ஐ இரட்டித்து 901-ஆல் குறைத்தால் 23.4, எனவே 24 தானாகவே வந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு. கீழ் எல்லை அடைப்பையும் தாண்டி இரண்டு பாயிண்டுக்கு மேல் தொங்குவது கணக்கில் இல்லாததால் அடுத்த வரி அந்த அளவு மேலே ஏறி வரும். அடியில் அண்டர்பிரேஸ் என்ற கிடைச் சுருள் அடைப்பைப் போட்டு அதற்கும் கீழே விளக்கம் எழுதிய கோவை என்றால் இந்த உத்தியைத் தொடவே வேண்டாம், கைப்படிதான் வழி.

வளர வேண்டிய இடத்தில் வளராது

தேவைக்கு மேல் வளர்வது ஒரு குறை என்றால் மறுபக்கம் இன்னொன்று. எக்ஸின் மட்டு மதிப்பிலிருந்து ஒய்யின் மட்டு மதிப்பைக் கழித்து, முழுவதற்கும் மறுபடி மட்டு மதிப்பு எடுக்கிறோம். அச்சில் ஆறு செங்குத்துக் கோடுகள். வெளிக்கோடு இரண்டும் உயரமாக இல்லாவிட்டால் எது எதற்கு ஜோடி என்று படிக்கிறவர்தான் எண்ண வேண்டும். லெஃப்ட்–ரைட் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் கோட்டின் உயரம் 10 பாயிண்ட், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 5. மூட வேண்டியது 10, அதில் 901 பங்கு 9.01. சாதாரண 10 பாயிண்ட் கோடே போதும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆறு கோடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும். அடைப்புக்குள் அடைப்பு எத்தனை போட்டாலும் இதே கதி, வெளி அடைப்பு ஒரு மயிரிழைகூட வளராது.

எனக்கு இந்த இடம்தான் வாதத்தையே முடித்துவைக்கிறது. ∑-வில் தேவையில்லாத உயரம், மட்டு மதிப்பில் தேவையான உயரம் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மென்பொருள் மையின் உயரத்தை அளக்கிறது, அடைப்போ எது எதோடு சேரும் என்பதைக் காட்டப் பிறந்தது. பின்னங்களிலும் அணிகளிலும் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அதனால்தான் லெஃப்ட்–ரைட் அங்கே அழகாக வேலை செய்கிறது. தனி வரியில் இரண்டில் ஒரு பங்கு என்ற பின்னத்துக்கு அது 24 பாயிண்ட் தரும். கையால் போட்டாலும் அதைத்தான் போடுவோம். அந்த ஒற்றுமையைப் பார்த்துப் பழகிவிட்டு எல்லா இடத்துக்கும் நீட்டுவதுதான் வினை.

டிலிமிட்டர்ஷார்ட்ஃபாலை −1 பாயிண்ட் ஆக்கிவிட்டால் அடுக்கடைப்புகள் படிப்படியாக வளரும் என்று ஒரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. உண்மைதான்: உள்ளே 10 என்றால் கேட்பது 11, கிடைப்பது 12, அதற்கு வெளியே கேட்பது 13, கிடைப்பது 18, அதற்கும் வெளியே 24. நான்கு அடுக்குக்குள் பக்கத்தில் கோபுரம் எழும்பிவிடும். அதோடு, எட்டிப் பார்க்க விட்டிருந்த அந்தச் சலுகையும் ரத்தாகிவிடுவதால் பின்னங்களைச் சுற்றிய அடைப்புகளும் வீங்கும். ஒரே ஒரு சமன்பாட்டுக்கு, அதுவும் குழுவுக்குள் அடைத்துப் போடலாம். கோப்பின் தலையில் போட்டால் வேறு எங்கெங்கு என்னென்ன நகர்ந்தது என்று முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

படிகளில் ஒளிந்திருக்கும் பொறிகள்

கைப்படிகளும் உள்ளுக்குள் லெஃப்ட்டைத்தான் கூப்பிடுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. முதற்படி 8.5 பாயிண்ட் உயரமுள்ள காலிப் பெட்டி ஒன்றை வைத்து அதைச் சுற்றி அடைப்பு நீளச் செய்கிறது. நடுக்கோட்டுக்கு மேலே 6, இரட்டித்தால் 12, 901 பங்கு 10.8, கிடைப்பது 12 பாயிண்ட் அடைப்பு. மற்றப் படிகளின் பெட்டிகள் 11.5, 14.5, 17.5. இந்த எண்கள் 10 பாயிண்ட் எழுத்துக்கு என்று கல்லில் பொறித்தவை. லேட்டெக்கோடு சேரும் துணைக் கட்டளைத் தொகுப்புகளில் ஒன்றான ஏஎம்எஸ்மேத்தை ஏற்றினால் படிகள் எழுத்தளவுக்கேற்ப மாறும். பெரிய எழுத்தில் தலைப்பு அல்லது சுவரொட்டி செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: லேட்டெக் இயல்பாகப் பெரிய குறிகளின் எழுத்துருவை எந்த அளவுக்கும் 10 பாயிண்டிலேயே ஏற்றுகிறது. ∑-வும் பெரிய அடைப்பும் மட்டும் சூம்பிப்போய்த் தெரிந்தால் எக்ஸ்ஸ்கேல் தொகுப்பைச் சேருங்கள்.

படிக் கட்டளையின் வாலில் எல், ஆர் என்ற எழுத்துகளைச் சேர்ப்பது அலங்காரத்துக்கு அல்ல. வால் இல்லாத பிக் வெறும் சாதாரணக் குறியாகிவிடும். அப்போது அடைப்பைத் திறந்தவுடன் ஒரு கழித்தல் குறி வந்தால், அது இரண்டு உறுப்புகளுக்கு இடையே நிற்கும் கழித்தல் என்று டெக் நினைத்து இருபுறமும் இடம் விடும். எல் சேர்த்தால் திறப்பு என்று புரிந்துகொண்டு கழித்தலை எண்ணோடு ஒட்டிவைக்கும். மட்டு மதிப்புக் கோட்டை விசைப்பலகையிலிருந்து நேராக அடிக்கும்போதும் இதே தவறுதான் நடக்கிறது. அதற்கு எல்வெர்ட், ஆர்வெர்ட் கட்டளைகள் இருக்கின்றன. நிகழ்தகவில் நடுவே வரும் நிபந்தனைக் கோட்டுக்கு எம் வால். லெஃப்ட்–ரைட்டுக்குள் அதே வேலைக்கு மிடில் கட்டளை உண்டு, ஆனால் அது இடைவெளி விடாது, இருபுறமும் நாமே விட வேண்டும்.

லெஃப்ட்–ரைட்டின் இடைவெளிப் பிரச்சினை வேறு விதம். அந்த ஜோடி மொத்தமாக உள்ளமைந்த கோவை என்ற தனி இனமாகிறது. சைன் என்று எழுதிச் சாதாரண அடைப்பைத் திறந்தால் இடையில் ஒன்றும் இருக்காது. லெஃப்ட் போட்டுத் திறந்தால் ஓர் எம்மில் (எழுத்தளவை ஒட்டிய அகல அலகு) ஆறில் ஒரு பங்கு இடைவெளி புகுந்துவிடும். எஃப் என்ற சார்புக்குப் பின்னும் அப்படியே. ஒரே பக்கத்தில் சில இடங்களில் ஒட்டியும் சில இடங்களில் விலகியும் நிற்கும் சார்புகளைப் பார்த்தால், எழுதியவர் எங்கெங்கே லெஃப்ட் போட்டார் என்று மூலக்கோப்பைத் திறக்காமலே சொல்லிவிடலாம். எம்லெஃப்ட்ரைட் தொகுப்பு இதைச் சரிசெய்கிறது. தொகுப்பு வேண்டாம் என்றால் லெஃப்டுக்கு முன்னால் வெற்று மேத்ஓப்பன், ரைட்டுக்குப் பின்னால் வெற்று மேத்குளோஸ். இதைவிட நல்ல ஏற்பாடு மேத்டூல்ஸ் தொகுப்பின் டிக்ளேர்பேர்ட்டிலிமிட்டர். மட்டு மதிப்புக்கு, நெறிமத்துக்கு (நார்ம்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையை ஒருமுறை அறிவித்துவிட்டால், வெறுமனே எழுதும்போது சாதாரண அளவு, சதுர அடைப்பில் படியைக் குறித்தால் அந்தப் படி, நட்சத்திரம் போட்டால் தானாக நீள்வது. பல வருடங்கள் ஓடும் புத்தகத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

வரி முறிவைப் பற்றிச் சுருக்கமாக. லெஃப்டும் ரைட்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். சமன்பாட்டை அடுத்த வரிக்கு உடைத்தால் முதல் வரியின் முடிவில் ரைட்டோடு ஒரு புள்ளி, அடுத்த வரித் தொடக்கத்தில் லெஃப்ட்டோடு ஒரு புள்ளி என்று கண்ணுக்குத் தெரியாத ஜோடிகளைப் போட வேண்டியிருக்கும். அப்போதும் இரு வரிகளின் உயரம் வேறு என்பதால் திறப்பு 24, மூடல் 12 என்று நிற்கும். அதைச் சமன்செய்ய விஃபாண்டம் என்ற, கண்ணுக்குத் தெரியாமல் உயரம் மட்டும் தரும் கட்டளையை வைத்து உயரத்தை ஏமாற்ற வேண்டும். கைப்படிகளில் திறப்பும் மூடலும் ஒன்றையொன்று தேடுவதில்லை, எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். பத்திக்குள் வரும் கோவையில் இது இன்னும் உறைக்கும். லெஃப்ட்–ரைட் ஜோடிக்குள் டெக் வரியை முறிக்கவே முறிக்காது, உள்ளே இருக்கும் இடைவெளிகளும் நீளாது சுருங்காது. ஓரத்தைத் தாண்டிக்கொண்டு நீட்டும் வரிகளில் கணிசமானவை இப்படி வருபவை. பத்திக்குள் முதற்படிக்கு மேல் போகவும் கூடாது. 12 பாயிண்ட் அடைப்பு அடிவரிக்கு மேலே 8.5, கீழே 3.5 எடுத்துக்கொள்கிறது, 12 பாயிண்ட் வரி இடைவெளிக்கு அச்சாகப் பொருந்தும் அளவு. 18 வந்தால் மேலே 11.5, கீழே 6.5. பக்கத்து வரிகள் விலகிப் பத்தி நடுவில் வெள்ளைப் பட்டை விழும்.

ஒட்டுப்போட்ட அடைப்புகள்

முப்பதுக்கு மேல் ஒரே துண்டில் அடைப்பு கிடையாது. மேல் வளைவு, கீழ் வளைவு, நடுவில் வேண்டிய மட்டும் நேர்த்துண்டு என்று ஒட்டித்தான் கட்ட வேண்டும். ஈய எழுத்துக் கோத்த நாளிலும் பெரிய அடைப்பு இப்படித்தான் பிறந்தது. கணினியில் 1975-இல் பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் வெளியிட்ட ஈக்யூஎன் நிரலிலும் அதே முறை. லெஃப்ட், ரைட் என்ற சொற்களும் அதில் அப்படியே இருந்தன. சுருள் அடைப்புக்கு நடு மூக்கு வேண்டும் என்பதால் அது 3, 5, 7 துண்டுகளில்தான் அமையும், ஆகவே மற்ற அடைப்புகளைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும் என்று அதன் கையேடு முன்கூட்டியே எச்சரித்தது. 1977-இல் கனூத் தொடங்கிய டெக்கிலும் சுருள் அடைப்பின் நிலைமை அதுதான்: மூக்குக்கு மேலே ஒரு நேர்த்துண்டு சேர்த்தால் கீழேயும் ஒன்று சேர வேண்டும்.

கம்ப்யூட்டர் மாடர்னில் வளைவு அடைப்பின் மேல், கீழ்த் துண்டுகள் தலா 18 பாயிண்ட். எனவே ஒட்டுப்போட்ட அடைப்பு 36-இல் தொடங்கும், பிறகு நேர்த்துண்டின் உயரத்தால் படிப்படியாக ஏறும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்பதால் திரையில் சில உருப்பெருக்கங்களில் மூட்டு மெல்லிய வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அச்சில் மறைந்துவிடும். ப்ரூஃபில் இதைப் பார்த்துவிட்டு அடைப்பு உடைந்திருக்கிறது என்று திருத்தம் எழுதுகிறவர்கள் 400 சதவீதத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதலாம். கோண அடைப்புக்கும் சாய்கோட்டுக்கும் ஒட்டுத்துண்டே கிடையாது. சாய்வாகப் போகும் கோட்டை நேர்த்துண்டால் நீட்ட முடியாது அல்லவா? குவாண்டம் இயற்பியல் எழுதுகிறவர்கள் கோண அடைப்புக்குள் அணியை வைத்தால், அணி வளர வளர அடைப்பு 30-லேயே நின்றுகொண்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. எழுத்துருவில் இல்லாத உயரத்தை எந்தக் கட்டளையாலும் கொண்டுவர முடியாது, அணிக்கு ஒரு பெயர் கொடுத்து அந்த எழுத்தைக் கோணத்துக்குள் போடுவதே நாகரிகம்.

ஓப்பன்டைப் என்ற புதிய வடிவ எழுத்துருக்களில் இந்த ஒட்டுவேலை திருந்தியிருக்கிறது. 2007 பதிப்பு வேர்டோடு வந்த கேம்ப்ரியா மேத் எழுத்துருவுக்காக மைக்ரோசாஃப்ட் வகுத்த மேத் அட்டவணையில், ஒவ்வோர் அடைப்புக்கும் தயார் அளவுகளின் பட்டியலும் ஒட்டுத்துண்டுகளின் பட்டியலும் இருக்கும். துண்டுகள் குறைந்தபட்சம் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்றும் எழுதியிருக்கும். அந்த ஏற்றத்தைக் கூட்டிக் குறைத்தே வேண்டிய உயரத்தைத் துல்லியமாக எட்டிவிடலாம், மூட்டும் தெரியாது. வேர்டின் கோப்பு வடிவம் இன்னொரு சலுகையும் தருகிறது: ஒவ்வொரு அடைப்பும் வளரலாமா கூடாதா என்று தனித்தனியாகக் குறிக்கலாம், வளர்ந்தால் நடுக்கோட்டைச் சுற்றிச் சமமாகவா, உள்ளடக்கத்தின் உயரத்தை ஒட்டியா என்றும் சொல்லலாம். டெக் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இரண்டாவது வகை விகாரமாகத் தோன்றும், எனக்கும்தான்.

வலைக்குப் போகும்போது

சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோப்பு செய்யும் நிறுவனங்களில் கட்டுரை எக்ஸ்எம்எல் ஆகவும் போயாக வேண்டும், சமன்பாடுகள் அதில், வலையில் கணிதம் எழுதும் குறிமொழியான மேத்எம்எல் ஆக உட்காரும். இங்கே இயல்பு நிலையே தலைகீழ். டெக்கில் சும்மா அடித்த அடைப்பு நீளாது. மேத்எம்எல்லில் அடைப்பு என்றாலே நீளும் குறி என்றுதான் அதன் அகராதியில் இருக்கிறது. அது யாருடைய உயரத்துக்கு நீளும் என்பதில்தான் வம்பு. தான் இருக்கும் வரிசையில், அதாவது ஒரே எம்ரோ உறுப்புக்குள், கூட இருக்கும் எல்லாவற்றின் உயரத்துக்கும் அது நீளும். எஃப், திறப்பு, எக்ஸ், மூடல், சமக்குறி, பிறகு ஒரு பின்னம் என்று எல்லாவற்றையும் ஒரே எம்ரோவில் வரிசையாகப் போட்டால், எக்ஸைச் சுற்றிய அடைப்பு சமக்குறிக்கு அப்பால் இருக்கும் பின்னத்தின் உயரத்துக்கு எழும்பிவிடும். மாற்றி நிரல்கள் அவசரத்தில் இப்படித் தட்டையான மேத்எம்எல்லைக் கக்குவது உண்டு.

சரிசெய்ய இரண்டு வழி. திறப்பு, எக்ஸ், மூடல் மூன்றையும் தனி எம்ரோவுக்குள் போடுவது ஒன்று. கோவையின் அமைப்பும் அதனால் சரியாகப் பதிவாவதால் இதுவே முதல் தேர்வு. அடைப்பின்மேல் ஸ்ட்ரெச்சி பண்பை ஃபால்ஸ் என்று குறிப்பது மற்றது. ∑-வைச் சுற்றிய அடைப்புக்கு எம்ரோ மட்டும் உதவாது, ஏனென்றால் எல்லைகளும் அதே எம்ரோவின் உயரத்தில் சேரும். அங்கே மேக்ஸ்சைஸ் பண்பில் உச்ச உயரத்தை எம் அளவில் எழுதுங்கள். 10 பாயிண்ட் எழுத்தில் 24 பாயிண்டுக்கு 2.4 எம். குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பிலிருந்து மேத்எம்எல்லைத் தானே காட்டுகிறது, ஃபயர்ஃபாக்ஸ் அதற்கு முன்பே காட்டிவந்தது. இரண்டிலும் திறந்து பாருங்கள், கணினியில் மேத் அட்டவணை உள்ள எழுத்துரு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மேக்ஸ்சைஸில் என்ன எழுதியிருந்தாலும் திரையில் வருவதை நம்ப முடியாது.